நடுக்கடலும் நான்கு எஞ்சின்களும்

மொரீசியசின் தென்கிழக்கில், பிளேன் மன்யென் ஊரை ஒட்டிய விமான நிலையத்துக்கு உறவினரை வழியனுப்ப வரும் பெரியவர்கள், கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் விமானத்தின் எஞ்சின்களை எண்ணிப் பார்ப்பதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். என் அத்தையும் அப்படி எண்ணுபவர்தான். முன்பு நான்கு இருந்ததே, இப்போது இரண்டுதானே இருக்கிறது, நடுக்கடலில் ஒன்று நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று அவர் ஒருநாள் கேட்டார். எந்தத் திசையில் புறப்பட்டாலும் கடலைத் தாண்டியாக வேண்டிய தீவில் வாழ்பவர்களுக்கு இது மிக நியாயமான கேள்வி. நான்கு எஞ்சின் விமானங்கள் ஏன் மறைந்து வருகின்றன என்பதற்கான காரணமும் இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

அத்தையின் கணக்கு சரியானதுதான். ஏர் மொரீசியஸ் 1980களில் குத்தகைக்கு எடுத்த போயிங் 747எஸ்பி விமானத்துக்கும், 1994 முதல் பறக்கவிட்ட ஏர்பஸ் ஏ340-300 விமானத்துக்கும் நான்கு எஞ்சின்கள். 2017 அக்டோபரில் வந்த ஏ350-900 விமானத்துக்கு இரண்டுதான். உலகெங்கும் இதே கதைதான். ஏ340 தயாரிப்பு 377 விமானங்களோடு 2011-இல் நின்றது. ஏ380 விமானத்தின் கடைசிப் பிரதி 2021 டிசம்பரில் வாடிக்கையாளரிடம் சேர்ந்தது. 1,574-ஆவது 747 விமானம் 2023 ஜனவரியில் ஒப்படைக்கப்பட்டதோடு அந்த வரிசையும் முடிந்தது; அதுவும் பயணிகளுக்கானதன்று, சரக்கு விமானம். பிரிட்டிஷ் ஏர்வேசும் குவாண்டாசும் பெருந்தொற்று ஆண்டான 2020-இலேயே தங்கள் 747 விமானங்களுக்கு விடைகொடுத்துவிட்டன.

எஞ்சின் அடிக்கடி நின்றுபோகக்கூடிய ஒன்றாக இருந்த காலத்தில்தான் நான்கு தேவைப்பட்டன. இரண்டு எஞ்சின் விமானம், ஒன்று நின்றுபோன நிலையில் பறக்கும் வேகத்தில், ஏதாவதொரு விமான நிலையத்தை 60 நிமிடங்களுக்குள் அடையக்கூடிய பாதையில்தான் செல்ல வேண்டும் என்று அமெரிக்கா 1953-இல் விதித்தது. இதன் பொருளை உணர, நம் தீவிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் செல்லும் பாதையைப் பார்த்தால் போதும். சுமார் 5,900 கிலோமீட்டர் தொலைவு; ரொட்ரிக்ஸ் தீவைத் தாண்டிவிட்டால் இடையில் தண்ணீரைத் தவிர வேறில்லை. ஒரே எஞ்சினில் மணிக்கு 800 கிலோமீட்டர் என்று எளிமையாகக் கொண்டால், 60 நிமிட விதியில் இரு கரைகளிலிருந்தும் 800 கிலோமீட்டர் வரைதான் போகலாம். நடுவில் 4,300 கிலோமீட்டர் தடைப்பட்ட கடலாகக் கிடக்கும்.

தாரை (ஜெட்) எஞ்சின்கள் நம்பகமானவையாக வளர வளர இந்த வேலி தளர்ந்தது. 1985-இல் 120 நிமிடங்கள் அனுமதிக்கப்பட்டன. 1988-இல் அது 180 ஆனது. இந்தத் தளர்வு எளிதில் கிடைத்ததன்று. 180 நிமிட அனுமதி பெற, அந்த வகை எஞ்சின் ஒரு லட்சம் மணி நேர ஓட்டத்தில் ஏறத்தாழ இரண்டு முறைக்கு மேல் வானில் நின்றிருக்கக்கூடாது. பராமரிப்பிலும் ஒரு விதி உண்டு. எனக்கு இது மிகவும் பிடித்தது. ஒரே பழுதுபார்ப்பாளர் ஒரே சமயத்தில் இரண்டு எஞ்சின்களிலும் ஒரே வேலையைச் செய்வது தவிர்க்கப்படுகிறது. ஒருவருடைய கைப்பிழை இரண்டு எஞ்சின்களிலும் புகுந்துவிட்டால், இரண்டு இருந்தும் பயனில்லை அல்லவா? ஏ350 விமானத்துக்கு 2014-இல் 370 நிமிடங்கள் வரை அனுமதி கிடைத்தது. அந்தக் கணக்கில் பெர்த் பாதையின் இடைவெளி முழுவதுமாக மறைந்துவிடுகிறது.

இனி வலிமையைப் பார்ப்போம். ஏ340-300 விமானத்தின் உச்ச எடை சுமார் 275 டன். ஏ350-900 விமானத்தினுடையது அறிமுகக் காலத்தில் சுமார் 270 முதல் 280 டன். எடை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் முன்னதன் நான்கு எஞ்சின்களும் சேர்ந்து தரும் உந்துவிசை சுமார் 600 கிலோநியூட்டன்; பின்னதன் இரண்டும் சேர்ந்து தருவது சுமார் 750. எண்ணிக்கை பாதியாகியும் விசை கூடியிருப்பதற்குக் காரணம் பாதுகாப்பு விதிதான். ஓடுபாதையில் வேகமெடுத்த பிறகு ஓர் எஞ்சின் நின்றாலும் விமானம் மேலெழுந்தாக வேண்டும். நான்கில் ஒன்று நின்றால் கால் பங்கு விசை போகும். இரண்டில் ஒன்று நின்றால் பாதி போகும். ஆகவே இரண்டு எஞ்சின் விமானத்தின் ஒவ்வோர் எஞ்சினும் விமானத்தைத் தனியே தூக்கிச் செல்லும் வலிமையோடு செய்யப்படுகிறது. இரண்டும் ஓடும்போது தேவைக்கு மிஞ்சிய விசை எப்போதும் கையிருப்பில் இருக்கிறது.

எரிபொருளைச் சேமிப்பது, எஞ்சினின் முகப்பில் சுழன்று காற்றைப் பின்னே தள்ளும் விசிறியின் அளவு. குறுகிய துடுப்பால் வேகவேகமாகத் தண்ணீரைத் தள்ளுவதைவிட, அகன்ற துடுப்பால் நிதானமாகத் தள்ளுகிறவர் களைப்பின்றிப் படகைச் செலுத்துவார். காற்றுக்கும் இதுவே பொருந்தும்: விசை, தள்ளப்படும் காற்றின் அளவையும் அதற்குக் கூட்டப்படும் வேகத்தையும் பொறுத்தது, செலவாகும் ஆற்றலோ அந்த வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஏ340-300 எஞ்சினின் விசிறி சுமார் 1.84 மீட்டர் குறுக்களவு கொண்டது. ஏ350 எஞ்சினுடையது 3 மீட்டர். இரண்டு பெரிய விசிறிகளின் மொத்தப் பரப்பு, நான்கு சிறியவற்றின் பரப்பைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். இதோடு, நான்கு எஞ்சின்களைச் சோதிப்பதும் பழுதுபார்ப்பதும் இரண்டைப் பேணுவதைவிடச் செலவு மிக்கவை.

ஏ380 விமானத்தை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். அதன் உச்ச எடை சுமார் 575 டன். அதை இரண்டு எஞ்சின்களால் தூக்க முடியாததால்தான் நான்கு. அதன் சிக்கல் இருக்கைகளில் இருக்கிறது. சுமார் 500 பேரை ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் திரட்ட வேண்டும். 80 மீட்டரை நெருங்கும் இறக்கைகளுக்கு ஏற்ற நிறுத்துமிடமும் வேண்டும். பெரும்பாலான பாதைகளில், சிறிய விமானங்கள் நாளுக்கு இருமுறை சென்றால் நிறுவனத்துக்கும் பயணிக்கும் வசதி. பல நாட்டுப் பயணிகளை துபாயில் ஒன்று சேர்த்துப் பிரித்தனுப்பும் எமிரேட்ஸ் நிறுவனத்துக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகிறது. அதனால்தான் 2013 டிசம்பரில் அந்த விமானம் நம் தீவுக்கும் வந்தது. அண்டைத் தீவான ரெயூனியோனின் ஏர் ஆஸ்ட்ரால், 840 இருக்கைகள் கொண்ட இரண்டு ஏ380 விமானங்களை 2009-இல் கேட்டது, அவை வரவேயில்லை.

அத்தையின் கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான். ஓர் எஞ்சின் நின்றால் விமானம் விழாது. மற்றொன்றின் விசைக்கு ஏற்ற உயரத்துக்கு மெல்ல இறங்கி, அங்கே சமநிலையில் பறக்கும். இத்தகைய பாதையில் புறப்படுவதற்கு முன்பே, வழியின் ஒவ்வொரு பகுதிக்கும் எந்த ஊருக்குத் திரும்புவது என்று குறித்து, அந்த ஊரின் வானிலையையும் பார்த்துவிட்டுத்தான் கதவை மூடுகிறார்கள்.