அடிமட்டத் தொண்டர் அல்ல, வேர்த்தொண்டர்

சில வருஷங்களுக்கு முன் கடலூரில் ஒரு கட்சியின் மாநில மாநாட்டுக்குப் போயிருந்தேன். நான் அந்தக் கட்சிக்காரன் இல்லை. நண்பர் கூப்பிட்டார், போனேன். மேடையில் ஒருவர், "அடிமட்டத் தொண்டர்களாகிய நீங்கள்தான் இந்தக் கட்சியின் உயிர்" என்று பேசினார். அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். அவருக்கு அடுத்தவரும்.

நான் நின்ற இடம் திடலின் ஓரம், சவுக்குக் கட்டைத் தடுப்புக்குப் பக்கத்தில். அங்கே ஒரு மடக்கு மேசையைப் போட்டு இரண்டு பெண்களும் ஓர் ஆணும் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உறுப்பினர் படிவம் காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல். வருகிறவர் போகிறவரை நிறுத்தி, எந்த ஊர், அந்த ஊரில் கிளை இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்த ஆள் குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கொத்தனார். மேடையில் மறுபடி 'அடிமட்டம்' என்று ஒலித்ததும் அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஐயா, எங்க வேலையில மட்டம்னா சரியா இருக்குன்னு அர்த்தம். ரசமட்டம் வெச்சுப் பாத்து குமிழி நடுவுல நின்னா தரை மட்டம். இவங்க சொல்றது அந்த மட்டம் இல்லையே?"

இல்லைதான். அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை.

ஆங்கிலத்தில் 'கிராஸ்ரூட்ஸ்' என்று இருப்பதைத்தான் நாம் 'அடிமட்டம்' ஆக்கியிருக்கிறோம். நேர்ப்பொருள் புல்லின் வேர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் தங்கம் தேடி அலைந்தவர்கள் வாயில் இது புழங்கியது. புல்வேரிலிருந்தே தங்கம் தொடங்குகிறது, ஆழத் தோண்டவே வேண்டாம் என்பது பேச்சு. மலை மலையாக மேல்மண்ணை அள்ளிக் கொட்டிய பிறகே பழுப்பு நிலக்கரியைக் காணும் நெய்வேலிக்காரர்களுக்கு அந்த ஆசை நன்றாகப் புரியும். அரசியலுக்கு இந்தச் சொல் வந்ததற்குப் பலரும் காட்டும் பழைய சான்று, 1912இல் சிகாகோவில் கூடிய முற்போக்குக் கட்சி மாநாடு. முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டை மறுபடி அதிபர் வேட்பாளராக்கிய மாநாடு அது. அங்கே இந்தியானா மாநிலத்து அரசியல்வாதி ஆல்பர்ட் பெவரிட்ஜ், இந்தக் கட்சி புல்வேரிலிருந்து வந்தது, மக்களின் கடுந்தேவைகள் என்னும் மண்ணிலிருந்து வளர்ந்தது என்று பேசினார்.

கட்சி எங்கிருந்து வந்தது என்றுதான் பெவரிட்ஜ் சொன்னார். யார் எத்தனை படி கீழே நிற்கிறார்கள் என்று சொல்லவில்லை. 'கிராஸ்ரூட்ஸ்' பிறப்பிடத்தைச் சொல்லும் சொல், 'அடிமட்டம்' தரவரிசையைச் சொல்லும் சொல். ஒன்று மண்ணிலிருந்து மேலே பார்க்கிறது, மற்றது மேடையிலிருந்து கீழே பார்க்கிறது. இது மொழிபெயர்ப்பில் சின்னப் பிசகு என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

'மட்டு' என்றால் அளவு. மட்டு, மட்டும், மட்டம் எல்லாம் ஒரே குடும்பம். கொத்தனாரின் ரசமட்டத்திலும் தச்சரின் மூலைமட்டத்திலும் அந்த நல்ல பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. இலங்கைத் தமிழர்களுக்கு அடிமட்டம் என்றால் பள்ளிக்கூடப் பையில் இருக்கும் அளவுகோல். அங்கே அந்தச் சொல்லில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நம் பக்கத்துப் பேச்சில் 'மட்டம்' எங்கெங்கே வருகிறது என்று பாருங்கள். மட்டமான சரக்கு, மட்டமான புத்தி. ஒருவரை மட்டம் தட்டினான் என்றால் நாலு பேர் முன்னால் சிறுமைப்படுத்தினான் என்று பொருள். குட்டையான குதிரை மட்டக்குதிரை. சந்தையில் அடிமட்ட விலை என்றால் அதற்குக் கீழே போக வழியில்லாத விலை. இப்படிப் பழகிய காதில் 'அடிமட்டத் தொண்டர்' என்று விழுந்தால் என்ன கேட்கும்? இருப்பதிலேயே கடைசி ஆள் என்றுதான். சொல்கிறவர் மனசில் மரியாதை இருக்கலாம், சொல்லில் இல்லை.

இதை ஒருமுறை புதுச்சேரியில் பத்திரிகையில் வேலை பார்க்கும் நண்பரிடம் சொன்னேன். அவர் விடுவதாக இல்லை. "அண்ணா, அடி என்றால் அடித்தளம், அடிப்படை. கட்டடத்துக்கு அஸ்திவாரம் இழிவா?" என்றார். நியாயமான கேள்வி. அடி என்ற சொல்லோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. தமிழில் அடி மிக உயர்ந்த சொல். திருவடி என்கிறோம், அடியார் என்கிறோம். இந்தக் கடலூர் மாவட்டமே அடியார்களின் ஊர். பண்ருட்டி பக்கத்துத் திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசர் கையில் உழவாரப்படையை எடுத்துக்கொண்டு கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கினார். கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்டவர் கரையேறிய இடம் என்று திருப்பாதிரிப்புலியூரைச் சொல்வார்கள். அவரைப் போன்றவர்களுக்கு வழங்கிய பெயர்தான் தொண்டர். கட்சிகள் அந்தச் சொல்லை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டன. அவ்வளவு பெருமையுள்ள தொண்டருக்கு முன்னால் 'மட்டம்' என்று ஓர் ஒட்டுப் போடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். அடித்தளம் என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது. 'தளம்' தாங்கும். 'மட்டம்' அளந்து கீழே தள்ளும்.

அதோடு 'அடித்தட்டு' என்ற இன்னொரு சொல்லும் இதற்குள் கலந்துவிட்டது. அடித்தட்டு மக்கள் என்றால் ஏழை எளியவர்கள். அது பொருளாதாரம் பற்றிய பேச்சு, அந்த இடத்தில் சரியான சொல்லும்கூட. ஆனால் ஊரில் கட்சி வேலை செய்கிறவர் ஏழையாகத்தான் இருக்க வேண்டுமா? முந்திரித் தோப்பு வைத்திருப்பவரும் இருப்பார், ஓய்வுபெற்ற ஆசிரியரும் இருப்பார். அவர்கள் தங்கள் தெருவிலிருந்து, தாமாகக் கிளம்பி வேலை செய்கிறார்கள் என்பதுதான் விஷயம். தொலைக்காட்சியில் ஒரே செய்தியில் அடிமட்டத் தொண்டர், அடித்தட்டுத் தொண்டர் இரண்டும் வருவதைக் கேட்டிருக்கிறேன். எழுதினவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்திருந்தால் அப்படி எழுதமாட்டார்.

சரி, நேராகப் 'புல்வேர்' என்றே வைத்துக்கொள்ளலாமே என்பார்கள் சிலர். அருகம்புல் வேர் நமக்குப் புதிதில்லை. ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி வாழ வேண்டும் என்று கல்யாண வீட்டில் பெரியவர்கள் வாழ்த்துகிறார்கள். ஓர் இடத்தில் பிடுங்கினால் நாலு இடத்தில் கணுவிட்டு முளைக்கும் அருகை, வரப்பில் மண்வெட்டி பிடித்தவர்களுக்குத் தெரியும். வெளிதேயத்துப் படிமமாக இருந்தாலும் நம் வீட்டு வாழ்த்துக்குள் பொருந்திப் போகிறது. ஆனால் தனியாகப் 'புல்' என்று சொன்னால் தமிழில் அற்பம் என்ற நிழலும் கூடவே வருகிறது. புன்மை, புல்லன், புல்லறிவு என்று திருக்குறள் தொட்டுச் சிறுமைக்கெல்லாம் அந்த ஒலிதான். தொல்காப்பியம் 'புறக்காழனவே புல்லென மொழிப' என்று சொல்லி, வெளிப்புறம் வைரம் பாய்ந்த பனை, தென்னை, மூங்கிலைப் புல் என்ற பெயருக்குள் வைத்தது. அந்தப் புல்லாக இருந்தால் தொண்டருக்குப் பெருமைதான். ஆனால் அந்த இலக்கணத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. 'புல்வேர்த் தொண்டர்' என்றால் கேட்பவர் முதலில் முழிப்பார்.

நம் கட்சிகள் ஊரில் இருக்கும் அமைப்புக்கு என்ன பெயர் வைத்திருக்கின்றன? கிளை. கிளைச் செயலாளர், கிளைக் கூட்டம். மாவட்டமும் ஒன்றியமும் நடுவில், ஊர் நுனியில். மரத்தில் கிளை எங்கே இருக்கிறது? மேலே, காற்றாடும் இடத்தில். அப்படியானால் வேர் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது என்றாகிறது. அமெரிக்க மேடையில் மக்கள் வேர், கட்சி அதிலிருந்து முளைத்தது. நம் அமைப்பில் தலைமை வேர், மக்கள் அதிலிருந்து முளைத்த கிளை. மரம் தலைகீழாக நிற்கிறது. இதில் ஒரே ஆறுதல், பழந்தமிழில் கிளை என்றால் சுற்றம், உறவு. கிளைஞர் என்றால் உறவினர். கிளைக்கழகம் என்பதை உறவுக்காரர் கூட்டம் என்று எடுத்துக்கொண்டால் அந்தப் பெயருக்கு ஓர் அழகு வருகிறது. அதை மாற்றச் சொல்லி நான் கேட்கமாட்டேன்.

என் முடிவு இது: புல்லை விட்டுவிட்டு வேரை எடுத்துக்கொள்ளலாம். 'வேர்த்தொண்டர்' என்று சொல்லுங்கள். யாருக்கும் அகராதி வேண்டாம். வேர் என்றால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதுதான் தண்ணீர் இழுக்கிறது, அதுதான் பிடித்துக்கொள்கிறது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இந்தக் கரையை ஏறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களிடம் வேரின் பெருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வேர்த்தொண்டர் என்பது காதில் 'வேர்த்த தொண்டர்' போலவும் விழுகிறதே என்று ஒருவர் கேட்டார். விழட்டும். மே மாத வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறவருக்கு அதுவும் பொருந்தும். பெயரடையாக வேண்டுமானால் வேர்நிலை: வேர்நிலை இயக்கம், வேர்நிலை ஜனநாயகம். படிமமே வேண்டாத இடத்தில் 'ஊர்த்தொண்டர்' போதும்.

வேரை வைத்துக்கொண்டால் இன்னொரு சிக்கலும் தீர்கிறது. காசு கொடுத்து ஆள் திரட்டிவிட்டு, மக்கள் தாமாக எழுந்தார்கள் என்று காட்டும் வேலைக்கு ஆங்கிலத்தில் 'ஆஸ்ட்ரோடர்ஃப்' என்ற செயற்கைப் புல்தரையின் வணிகப் பெயரையே சொல்லாக்கிவிட்டார்கள். 1985இல் லாயிட் பென்ட்சன் என்ற அமெரிக்க செனட்டர் தனக்கு வந்து குவிந்த கடிதங்களைப் பற்றி அப்படிச் சொன்னார். அடிமட்டத்தை வைத்துக்கொண்டு இதை எப்படி மொழிபெயர்ப்பீர்கள்? போலி அடிமட்டம் என்றா? 'வேரில்லா இயக்கம்' என்று சொல்லிப் பாருங்கள், உடனே விளங்கும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு உள்ள வருத்தம் இந்த ஒரு சொல்லோடு முடியவில்லை. அயல்நாட்டுச் செய்தி ஒன்றில், மாநிலக் கட்சி மாநாட்டை 'மாநிலக் கட்சி மரபு' என்று எழுதியிருந்ததைப் படித்தேன். ஆங்கிலத்தில் மாநாட்டுக்கும் மரபுக்கும் ஒரே சொல் வரும் என்பதால் வந்த கூத்து. மொழிபெயர்ப்புப் பொறி செய்தது என்றால் அதைத் திருத்த ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டாமா? அதே செய்தியில், மக்களைத் தேடிப் போய்ப் பேசுவதைக் குறிக்கும் 'அவுட்ரீச்' என்ற ஆங்கிலச் சொல் அப்படியே கிடந்தது. வேறோர் இடத்தில் அதை 'எட்டல் நடவடிக்கை' என்று பார்த்தேன். மக்கள் தொடர்பு என்று சிலர் போடுகிறார்கள். அது நிறுவனங்கள் தங்களைப் பற்றி நல்லபடி சொல்லிக்கொள்ளும் வேலைக்குப் போய்விட்ட சொல். இந்த வேலையைச் செய்கிறவர்களிடம் கேட்டால் அவர்களிடம் சொல் தயாராக இருக்கிறது. ஆள் பார்ப்பது, ஆள் சேர்ப்பது, வீடு வீடாகப் போவது. எழுத்தில் கொஞ்சம் கட்டுக்கோப்பாக வேண்டும் என்றால் 'மக்கள் சந்திப்பு'. சந்திப்பு என்றால் இரண்டு பேர் நேருக்கு நேர் நிற்கிறார்கள், ஒருவர் இன்னொருவரைக் கையை நீட்டி எட்டிப் பிடிக்கவில்லை.

'அடிமட்டச் செயற்பாட்டாளர்கள் மாநிலக் கட்சி மாநாட்டில் அவுட்ரீச் மேற்கொண்டனர்' என்று ஒரு வாக்கியம் உங்கள் மேசைக்கு வந்தால் இப்படி மாற்றி எழுதுங்கள்: 'மாநில மாநாட்டுக்கு வந்தவர்களை வேர்த்தொண்டர்கள் ஒவ்வொருவராகச் சந்தித்துப் பேசினார்கள்.' அந்தக் கொத்தனாரும் இரண்டு பெண்களும் அன்று செய்தது சரியாக இதைத்தான். சாயங்காலம் நான் கிளம்பும்போது அவர்களின் நோட்டில் பதினோரு பக்கம் நிறைந்திருந்தது.