பழைய காரின் கிராஸ் ஜாயிண்டில் கிரீஸ் எங்கே போகிறது?

பழைய கார் வைத்திருப்பவர்கள் என்ஜினுக்கும் பெயிண்டுக்கும் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டில், அது சாய்ந்தும் சுழல இடம்கொடுக்கும் சிலுவை வடிவ மூட்டுதான் கிராஸ் ஜாயிண்ட். அதைப் பற்றிக் கேட்டால், "வண்டிதான் வெளியே போவதே இல்லையே, அது எங்கே தேயப்போகிறது?" என்கிறார்கள். 1910, 1920களின் கார்களைப் பழுதுபார்க்கிறவன் என்ற முறையில் இந்தச் சமாதானத்தை என்னால் ஏற்க முடிவதில்லை.

சக்கர பேரிங் முழுச் சுற்றாகச் சுழல்வதால் மசகு உள்ளே இழுபட்டுப் படலமாகிறது. கிராஸின் நான்கு முனைகளான முளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஷாஃப்ட் 5 டிகிரி சாய்ந்திருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் முளை இந்தப் பக்கம் 5 டிகிரி, அந்தப் பக்கம் 5 டிகிரி அசையும், அவ்வளவுதான். நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் 1500 முறை அதே இடத்தில் உரசல். அங்கிருந்து பிதுங்கிய கிரீஸ் தானாகத் திரும்பி வராது. ஷெட்டில் நிற்கும் வண்டியிலோ இருக்கிற கிரீஸும் காய்ந்து கட்டியாகிவிடுகிறது.

இந்த ஜாயிண்ட் அமைப்பு 17ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்ததுதான். அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903இல் பெற்ற காப்புரிமை அதை மூடும் உறையைப் பற்றியது. மசகு உள்ளேயும் புழுதி வெளியேயும் நிற்க வேண்டும் என்பதை அவர் சரியாகப் பிடித்துக்கொண்டார். உறையில்லாத கார்களில் கிரீஸ் அடைத்த தோல் பையைக் கட்டினார்கள். தோல் வெடித்தால் கதை முடிந்தது.

ஃபோர்டு மாடல் டியில் ஒரே ஜாயிண்ட், கியர்பாக்ஸுக்குப் பின்னால் உருண்டையான கூட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. ஊசி பேரிங் (மெல்லிய உருளைகள் கொண்டது) கிடையாது. இரும்பு முளை துளைக்குள் நேரடியாக உரசும். வறண்டு ஓடிய ஒன்றைக் கழற்றினால், முளையின் இழுவைப் பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்து பளபளக்கும். மறுபக்கம் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். இடுக்குகளில் குங்குமம்போல் சிவந்த துரு. அந்தத் தூளைக் கண்டால் புது கிரீஸ் அடைத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

திறந்த ஜாயிண்டைச் சோதிக்கச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விடுங்கள். ஒரு நுகத்தை (முளைகளைத் தாங்கும் கவையை) ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, மற்றதை முறுக்கிப் பாருங்கள். ஷாஃப்டை மேலும் கீழும் தூக்கியும் பாருங்கள். ஆட்டம் விரலுக்கே தெரியும். பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியல் பற்சக்கரங்களின் இடைவெளியை ஜாயிண்டின் ஆட்டம் என்று எண்ணி நல்ல கிராஸைத் தூக்கியெறிந்தவர்களும் உண்டு. அதனால்தான் இரண்டு நுகத்தையும் பிடிக்கச் சொல்கிறேன்.

கிராஸுக்குப் பதில் வளையும் துணி வட்டால் இணைத்த ஜாயிண்ட் உள்ள கார்களுக்கு இது எதுவும் பொருந்தாது. அங்கே கிரீஸே பகை. போல்ட் துளைகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். மற்ற கார்களில், ஷாஃப்டைக் கழற்றும் முன் நுகங்களின் மீதும் ஸ்பிளைன் (ஷாஃப்டின் பல்வரிசை) மீதும் சாக்பீஸால் குறி போடுங்கள். இரண்டு ஜாயிண்ட் உள்ள ஷாஃப்டில் ஒரு பல் தள்ளிக் கோத்தாலும் சாய்வால் ஒன்றில் வரும் வேக ஏற்றத்தாழ்வை மற்றொன்று சமன்செய்யாது. புது கிராஸ் போட்ட பிறகும் வண்டி அதிரும்.