ஸ்ரமினா: தாங்குதிறனும் தாளாண்மையும்

‘ஸ்ரமினா’ யாழ்ப்பாணத்து உதைபந்தாட்ட மைதானங்களில் அன்றாடம் புழங்கும் சொல். ஆங்கிலச் சொற்களின் டகர ஒலியை ரகரமாக எழுதுவது நம்மவர் வழக்கம். தமிழகத்தில் இதையே ‘ஸ்டாமினா’ என்று எழுதுவார்கள். ஒருவருக்கு நல்ல ஸ்ரமினா என்றால், தொடக்க விசிலிலிருந்து கடைசி விசில் வரை அவர் களைக்காமல் ஓடுவார் என்று பொருள். குருநகர், பாஷையூர், நாவாந்துறை, இளவாலை, ஊரெழு என்று உதைபந்தாட்டம் ஊறிய ஊர்களில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டால்தான் தடுமாறுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு குணங்களைச் சேர்த்துப் பேசிப் பழகியதே அதற்குக் காரணம். ஒன்று உடம்பைச் சேர்ந்தது, மற்றது மனத்தைச் சேர்ந்தது.

சொல்லின் மூலம் இலத்தீன். ‘ஸ்டாமென்’ என்றால் தறியின் பாவு நூல். அதன் பன்மை ‘ஸ்டாமினா’. நிற்றல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து பிறந்தது. பண்டைய தறிகள் நிமிர்ந்து நின்றவை. பாவு நூல்கள் அவற்றில் செங்குத்தாக இருந்தன. மனிதரின் ஆயுளை மூன்று விதித் தெய்வங்கள் நூலாக நூற்று, அளந்து, அறுத்துவிடுகிறார்கள் என்பது உரோமர் நம்பிக்கை. அந்த ஆயுள்நூலுக்கும் இதே பெயர்தான். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, பிறப்பிலேயே அமைந்த அடிப்படைக் கூறுகள் என்ற பொருளில் வழங்கியது. களைப்பையும் நோயையும் தாங்கும் வலு என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில் ஏறியது. இலத்தீனில் பன்மையாக இருந்தது ஆங்கிலத்தில் ஒருமையாகவும் மாறிவிட்டது. பூவின் ஆண் உறுப்புக்குத் தாவரவியலார் வைத்த பெயரும் இதே ‘ஸ்டாமென்’. அதை நாம் கேசரம் என்று படித்தோம். தமிழகப் பாடநூல்களில் அது மகரந்தத்தாள். இந்தத் ‘தாள்’ கீழே மறுபடியும் வரும்.

ஈடாகச் சொல்லப்படும் தமிழ்ச் சொற்களில் பலவற்றை விரைவாகக் கழித்துவிடலாம். ‘தம்’ பாரசீகத்தில் மூச்சைக் குறிப்பது, இந்துஸ்தானி வழியாக வந்தது. கபடிக்குப் பொருந்தும், 90 நிமிட ஆட்டத்துக்குப் போதாது. ‘சகிப்புத்தன்மை’ பிறர் செயலைப் பொறுத்துக்கொள்ளும் குணம். அதை இங்கே கொண்டுவந்து வைப்பது பிழை. ‘நோன்மை’ வலிமையையும் பொறுமையையும் ஒருங்கே சொல்லும் அருமையான பழஞ்சொல், ஆனால் இன்று உரை இல்லாமல் விளங்காது. எஞ்சுவது ‘தாங்குதிறன்’. இதயமும் நுரையீரலும் தசைகளும் எவ்வளவு நேரம் உழைப்புக்கு ஈடுகொடுக்கும் என்ற உடலியற் பொருள் முழுவதும் அதில் அடங்கும். ஸ்ரமினாவுக்குச் சரியான தமிழ் அதுவே.

ஆனால் ஒரு வீரரை ‘நல்ல ஸ்ரமினா’ என்று மெச்சும்போது நாம் சொல்ல வருவது அது மட்டுமா? இரண்டாம் பாதியில் 80 நிமிடம் கடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்க மத்தியகள வீரர் எதிரணியின் மூலைக்கொடிக்கு அருகே பந்தைப் பறிகொடுக்கிறார். கரையோர மைதானத்து மணல் காலைப் பிடித்து இழுக்கிறது, சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. இரண்டே உதையில் பந்து நம் பக்கத்துக்குப் போய்விட்டது. இடுப்பில் கைவைத்து அவர் நின்றுவிடலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். அவர் திரும்பி ஓடுகிறார். மைதானத்தின் முக்கால்வாசி நீளத்தைக் கடந்து, பந்தோடு போகிறவரின் உட்பக்கமாக வந்து, கால்நுனியால் பந்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே தட்டிவிடுகிறார். எதிரணிக்கு ஓர் எறிதல், அவ்வளவுதான். கைதட்டல் இல்லை. மறுநாள் பத்திரிகையில் கோல் அடித்தவர் பெயர் இருக்கும். இவர் பெயர் இருக்காது. அந்த எறிதல் ஒரு கோலாக முடிந்திருக்கவேண்டியது என்பது பின்களத்தில் நின்றவர்களுக்கு மட்டும் தெரியும்.

அப்படி ஓடுவதற்குத் தாங்குதிறன் வேண்டும். ஆனால் தாங்குதிறன் உள்ள எல்லோரும் அப்படி ஓடுவதில்லை. முடிவது வேறு, செய்வது வேறு. ஆங்கில வர்ணனையாளர்கள் இந்த இரண்டாவதற்கு ‘வேர்க் ரேட்’ என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். அதை ‘வேலை வீதம்’ என்று மாற்றினால் தொழிற்சாலைக் கணக்காகிவிடும். தமிழில் இதற்குப் புதுச்சொல் ஆக்கவேண்டிய தேவையே இல்லை; ‘தாளாண்மை’ இருக்கிறது.

தாள் என்பது பயிரின் தண்டு, உடலைத் தாங்கும் கால், முயற்சி ஆகிய மூன்றையும் குறிக்கும். காலும் உழைப்பும் ஒரே சொல்லாக அமைந்த மொழி நம்முடையது. உதைபந்தாட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? ‘தாளாற்றித் தந்த பொருளெல்லாம்’ என்று 212ஆவது குறளில் தாள் முயற்சியைக் குறிக்கிறது. 613ஆவது குறள் இன்னும் நெருங்கி வருகிறது: ‘தாளாண்மை என்னும் தகைமைக்கண் தங்கிற்றே வேளாண்மை என்னும் செருக்கு’. இங்கே வேளாண்மை பயிர்த்தொழில் அன்று, பிறருக்கு உதவுதல். அந்தப் பெருமிதம் விடாமுயற்சி உள்ளவரிடமே தங்கும் என்கிறார் வள்ளுவர். சக வீரர் விட்ட இடத்தை நிரப்ப ஓடுகிறவரிடம் நாம் காண்பது இதையேதான். நாலடியாரில் தாளாண்மைக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. அதன் முதற்பாட்டு, வாள்மேல் கூத்தாடும் பெண்ணின் கண்கள் போல ஓயாது சுழன்று உழைப்பவரைக் காட்டி, ‘தாளாளர்க்கு உண்டோ தவறு’ என்று முடிகிறது. மத்தியகளத்தில் நாலாபக்கமும் கண்வைத்து ஓடும் வீரருக்குப் பொருத்தமான பெயரும் அந்த வரியிலேயே கிடைத்துவிடுகிறது: தாளாளர். தமிழகத்தில் பள்ளி நிர்வாகப் பதவி ஒன்றுக்கு இதே பெயர் வழங்குகிறது. நம் நாட்டில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

தாளாளரின் பெறுமதி அவரை இழந்த பிறகு தெரிந்த கதைகள் உண்டு. 2003இல் ஸ்பானிய லீக் பட்டம் வென்ற கையோடு ரியல் மட்ரிட், தன் மத்தியகளத் தாளாளர் குளோட் மக்கலேலேயை இங்கிலாந்தின் செல்சிக்கு விற்றது. அதே கோடையில் டேவிட் பெக்கமை வாங்கியது. சிடான், பிகோ, ரொனால்டோ என்று நட்சத்திரங்கள் எல்லோரும் இருந்தும் அடுத்த லீக் பட்டத்துக்கு 2007 வரை காத்திருக்க நேர்ந்தது. மக்கலேலே இருந்த செல்சி 2005இலும் 2006இலும் இங்கிலாந்தின் சாம்பியன். அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம், ஆனால் அந்த விற்பனையைத் தவறு என்று சொல்லாதவர்கள் குறைவு. இன்னொரு மத்தியகளத் தாளாளர் என்கோலோ கான்டே 2016இல் லெஸ்டர் சிற்றியோடு இங்கிலாந்து லீக்கை வென்றார், 2017இல் செல்சியோடு வென்றார், 2018இல் பிரான்சோடு உலகக் கிண்ணத்தைத் தூக்கினார். தென்கொரிய வீரர் பார்க் ஜி-சுங் மன்செஸ்ரர் யுனைரெட்டில் ஆடிய ஆண்டுகளில் இரசிகர்கள் அவரை மூன்று நுரையீரல் உள்ளவர் என்றே அழைத்தார்கள். 2010இல் மிலான் அணிக்கு எதிராக அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, அந்த அணியின் ஆட்டத்தை இயக்கிய அந்திரேயா பிர்லோவை மூச்சுவிட விடாமல் மறித்துக்கொள்வது. அதைச் செய்து முடித்தார்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஓடிய தூரம் மட்டும் தாளாண்மை ஆகாது. உயர்மட்டப் போட்டிகளில் ஒரு மத்தியகள வீரர் ஏறக்குறைய 10 முதல் 12 கிலோமீற்றர் ஓடுகிறார். தோற்கும் அணி பந்தைத் துரத்தியே அதைவிட அதிகமாக ஓடுவதும் உண்டு. மக்கலேலே எல்லா இடத்துக்கும் ஓடியவர் அல்லர். பந்து வரப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே போனவர். எப்போது ஓடவேண்டும், யாருக்காக ஓடவேண்டும் என்ற அறிவும் சேர்ந்ததே தாளாண்மை.

ஆகவே ‘இரண்டாம் பாதியில் அணியின் தாங்குதிறன் குறைந்தது’ என்றும், ‘அவருடைய தாளாண்மையால் எதிரணி மத்தியகளத்தில் பந்தை வைத்திருக்க முடியவில்லை’ என்றும் பிரித்து எழுதலாம். தாளாளர் ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவான சொல். அகில இலங்கை மட்டத்தில் பெயரெடுத்த தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண்கள் அணியைப் பற்றி எழுதும்போதும் மாற்றம் எதுவும் தேவையில்லை.