ஒளிவினையூக்கி: சொல்லை எங்கே பிரிப்பது?

வினையூக்கி என்பது தான் தீர்ந்துபோகாமல் வேதிவினையின் வேகத்தைக் கூட்டும் பொருள். 'ஒளிவினையூக்கி' (photocatalyst) என்ற சொல்லை ஒளிவினை + ஊக்கி என்று பிரித்தால், ஒளி இல்லாமல் நடக்கவே நடக்காத வினைக்கு உதவும் பொருள். ஒளி + வினையூக்கி என்று பிரித்தால், ஒளி பட்டதும் திறன் கூடும் வினையூக்கி. டைட்டானியம் டைஆக்சைடைக் கொண்டு நீரைப் பிளப்பது முதல் வகை. வினைக்கு வேண்டிய ஆற்றலையே ஒளிதான் தருகிறது. ஹைட்ரஜனைச் சேமிக்க உதவும் அம்மோனியா போரேன் என்ற சேர்மத்திலிருந்து, ஒளி பட்ட உலோக நானோதுகள்கள் (மிக நுண்ணிய துகள்கள்) ஹைட்ரஜனை விடுவிப்பது இரண்டாம் வகை.

மூலச்சொல் 'கேட்டலிசிஸ்'. 1835இல் சுவீடன் வேதியியலர் பெர்சீலியஸ், 'அவிழ்த்துவிடுதல்' என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். தமிழில் 'கிரியா ஊக்கி' என்றிருந்தது 'வினையூக்கி' ஆயிற்று. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'வினைவேகமாற்றி'யும் உண்டு. நாவுக்குச் சற்று நீளம், பொருளுக்கு மிகச் சரி: மாறுவது வேகம் மட்டுமே. 'ஒளியூக்கி' என்று சுருக்குவது மட்டும் வேண்டாம். அது ஒளியையே ஊக்குவதாகிவிடும்.

அம்மோனியா போரேனின் எடையில் 19.6% ஹைட்ரஜன். ஒரு மூலக்கூறு இரண்டு நீர் மூலக்கூறுகளுடன் வினைபுரிந்து மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளைத் தரும். அவற்றில் பாதி அணுக்கள் நீரிலிருந்து வருபவை. அந்த நீரையும் எடையில் சேர்த்தால் விழுக்காடு சுமார் 9தான். இது வெப்பம் உமிழும் வினை. ருத்தேனியமோ பிளாட்டினமோ இருந்தால் இருட்டிலும் நடக்கும்.

ஒளி என்ன செய்கிறது? தங்க நானோதுகள் சுமார் 520 நானோமீட்டரிலும் வெள்ளி 400ஐ ஒட்டியும் ஒளியை வலுவாக உறிஞ்சும். அப்போது உலோகத்தின் கட்டற்ற எலக்ட்ரான்கள் ஒருசேர அலைகின்றன. இதுவே பிளாஸ்மான் ஒத்ததிர்வு. அந்த அலைவு தணியும்போது ஆற்றல் மிகுந்த எலக்ட்ரான்கள் பிறக்கின்றன, துகளும் சூடாகிறது. வினையின் வேகம் கூடியது அந்த எலக்ட்ரான்களாலா சூட்டாலா என்பதில்தான் தகராறு. இதைப் பிரித்தறிய, நீர் உறையிட்ட கலனில் 25 டிகிரியைக் காத்து, அகச்சிவப்பை வடிகட்டி, அதே வெப்பநிலையில் தாள் சுற்றிய இருட்டுச் சோதனையையும் நடத்த வேண்டும். கரைசலின் வெப்பநிலை துகளின் வெப்பநிலை ஆகாது என்பதால் இதுவும் முழுச் சான்றில்லை. சூடு மட்டுமே காரணமென்று தெரிந்தால் 'ஒளிவெப்ப வினையூக்கி' என்பதே சரியான பெயர்.

வெளிவரும் ஹைட்ரஜனின் அளவைச் சரிபார்ப்பது எளிது: 31 மில்லிகிராம் அம்மோனியா போரேன் முழுவதும் வினைபுரிந்தால் 25 டிகிரியில் சுமார் 74 மில்லிலிட்டர் வாயு. அதைவிடக் கூடுதலாக வந்தால், துகள் தயாரிக்கப் பயன்படுத்திய சோடியம் போரோஹைட்ரைடு சரியாகக் கழுவப்படாமல் தங்கியிருக்கலாம். அதுவும் ஹைட்ரஜனை விடும். கசியும் அம்மோனியாவைப் பிடிக்க வாயுவை நீர்த்த அமிலத்தினூடே செலுத்துவார்கள். மறுபயன்பாட்டில் வேகம் குறைவதற்கு இரண்டு வழக்கமான காரணங்கள்: துகள்கள் ஒன்றோடொன்று திரள்வது, வினையில் உண்டாகும் போரேட் துகளின் மேற்பரப்பில் படிவது.

ஹைட்ரஜனைத் தரக்கூடிய இன்னொரு சேர்மம் ஃபார்மிக் அமிலம். அதில் ஹைட்ரஜன் 4.4%தான். வினையூக்கியான பல்லேடிய உலோகத்தின் மேல் அது ஹைட்ரஜனும் கார்பன் டைஆக்சைடுமாகப் பிரிய வேண்டும். வழி தவறினால் நீரும் கார்பன் மோனாக்சைடும் வரும். அந்தக் கார்பன் மோனாக்சைடு பல்லேடியத்தையும் ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்துப் பிளாட்டினத்தையும் சேர்த்தே முடக்கும்.