ஒபாமாகேர்: எது நிலையானது, எது ஆட்சிக்கு ஆட்சி மாறுவது

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, செலவு மசோதா நிறைவேறாததால் 43 நாள் அமெரிக்க மத்திய அரசு முடங்கிக் கிடந்தது. அதுவரை அந்த நாடு அவ்வளவு நீண்ட முடக்கத்தைப் பார்த்ததில்லை. சண்டை ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் மானியம் பற்றியது: தனியாகக் காப்பீடு வாங்குபவர்களின் பிரீமியத்தில் ஒரு பகுதியை அரசு கட்டுகிறது. டிசம்பர் 31-ல் முடியும் கூடுதல் மானியத்தை நீட்டித்தால்தான் செலவு மசோதாவுக்கு ஓட்டு என்று ஜனநாயகக் கட்சி செனட்டர்களில் பெரும்பாலோர் நின்றார்கள். முதலில் அரசைத் திறப்போம், மற்றதை அப்புறம் பேசலாம் என்றது குடியரசுக் கட்சி. கடைசியில் அரசு திறந்தது, கூடுதல் மானியம் மட்டும் காலாவதியானது. 2013-லும் இதே சட்டத்துக்காக அக்டோபரில் 16 நாள் முடக்கம் வந்தது. அப்போது பிடிவாதம் மறுபக்கம் இருந்தது: சட்டத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று குடியரசுக் கட்சியினர் நின்றார்கள்.

இவ்வளவு சண்டைக்கும் காரணமான சட்டம் 2010 மார்ச் 23-ல் ஒபாமா கையெழுத்திட்டது. அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் சட்டம் புரியும். அமெரிக்காவில் எல்லோருக்குமான ஒரே அரசுக் காப்பீடு கிடையாது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்ட். இரண்டும் 1965-ல் லிண்டன் ஜான்சன் காலத்தில் வந்தவை. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வேலை பார்க்கும் கம்பெனிதான் காப்பீடு தருகிறது. இந்த மூன்றிலும் சேராதவர்கள் நிறைய: சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருப்பவர், டாக்ஸி ஓட்டுபவர், வேலை போனவர். இவர்கள் தனியாகக் காப்பீடு வாங்கப் போனால், பெரும்பாலான மாநிலங்களில் கம்பெனி முதலில் உடம்பைப் பற்றி விசாரிக்கும். சர்க்கரை வியாதி இருந்தாலோ, முன்பு புற்றுநோய் வந்திருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோகூட, கிடையாது என்று சொல்ல முடியும்.

அந்தக் கதவை 2010 சட்டம் மூடியது. நோய் இருக்கிறது என்று மறுக்கக் கூடாது, அதற்காகக் கூடுதல் பிரீமியமும் கேட்கக் கூடாது. ஆணுக்கு ஒரு விலை பெண்ணுக்கு ஒரு விலை கூடாது. வயதானவரிடம் இளைஞரைப் போல மூன்று மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம். வாழ்நாள் முழுக்க இவ்வளவுதான் தருவோம் என்ற உச்சவரம்பு இல்லை. தனியாக வாங்கும் பாலிசியிலும் பிரசவமும் மனநல சிகிச்சையும் கட்டாயம் அடங்கும். இவை எதற்கும் முடிவுத் தேதி போடவில்லை. பதினைந்து வருடச் சண்டையிலும் இவை அப்படியே நிற்கின்றன. நிலையானது என்று நான் சொல்வது இவற்றைத்தான்.

ஆட்டம் கண்டதெல்லாம் பணம் சம்பந்தப்பட்ட பகுதிகள். முதலில் அபராதம். நோயாளியை மறுக்க முடியாது என்றால், நோய் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று ஆரோக்கியமானவர்கள் காத்திருப்பார்கள், விலை ஏறும். அதனால் எல்லோரும் காப்பீடு வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்று சட்டம் சொன்னது. இந்த யோசனையை 1989-லேயே முன்வைத்தது ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற பழமைவாத அமைப்பு. 2006-ல் மாசசூசெட்ஸில் இதை அமலுக்குக் கொண்டுவந்த கவர்னர் மிட் ராம்னியும் குடியரசுக் கட்சிக்காரர். ஆனால் 2010-ல் பிரதிநிதிகள் சபையில் 219-க்கு 212 என்று சட்டம் நிறைவேறியபோது ஆதரவாக ஒரு குடியரசுக் கட்சி ஓட்டுகூட விழவில்லை. யோசனை யாருடையது என்பதைவிடக் கொண்டுவருவது யார் என்பதே பெரிதாகிப் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான். குடியரசுக் கட்சியினர் சொன்ன குறையிலும் நியாயம் இல்லாமல் இல்லை. உங்கள் பாலிசி பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்று ஒபாமா திரும்பத் திரும்பச் சொன்னார். 2013 கடைசியில் லட்சக்கணக்கானோருக்கு பாலிசி ரத்து என்று கடிதம் வந்தது. மானியம் கிடைக்காத நடுத்தரக் குடும்பங்களைப் பிரீமியம் உண்மையிலேயே கசக்கியது.

2017-ல் டிரம்ப் ஆட்சிக்கு வந்ததும் சட்டத்தையே நீக்கப் பார்த்தார்கள். ஜூலை 28 அதிகாலை செனட்டில் 49-க்கு 51 என்று அந்த முயற்சி தோற்றது. மூளைப் புற்றுநோய் என்று அப்போதுதான் தெரியவந்திருந்த குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன், தன் கட்சிக்கு எதிராகக் கட்டைவிரலைக் கீழே காட்டினார். அதே கட்சியின் சூசன் காலின்ஸும் லிசா முர்கவ்ஸ்கியும் அவர் பக்கம். அந்த டிசம்பரில் வரிச் சட்டத்தின் வழியாக அபராதம் மட்டும், 2019 முதல், பூஜ்யமானது. வழக்குகளும் வந்தன. 2012, 2015, 2021 என மூன்று முறை உச்ச நீதிமன்றத்தில் சட்டம் தப்பியது.

ஆனால் 2012 தீர்ப்பு ஒரு பெரிய ஓட்டையைப் போட்டுவிட்டது. வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை வருமானம் உள்ள எல்லோருக்கும் மெடிகெய்ட் என்று சட்டம் சொன்னது. அதை ஏற்பது மாநிலங்களின் விருப்பம் என்றது நீதிமன்றம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசு தருகிறது, அப்படியும் டெக்சாஸ், ஃபுளோரிடா உட்பட 10 மாநிலங்கள் ஏற்கவில்லை. இதன் விளைவைப் பாருங்கள். 2026 காப்பீட்டுக்குக் கணக்கில் எடுக்கும் வறுமைக்கோடு, தனியாளுக்கு வருடம் 15,650 டாலர். டெக்சாஸில் 16,000 டாலர் சம்பாதிக்கும் பிள்ளையில்லாத ஒருவருக்கு மானியம் உண்டு. அவரைவிட ஏழையாக 12,000 டாலர் சம்பாதிப்பவருக்கு மானியமும் இல்லை, மெடிகெய்ட்டும் இல்லை. மானியம் வறுமைக்கோட்டிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ளவர்களை மெடிகெய்ட் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி எழுதிய சட்டம் அது.

இனி 2025-ல் அரசையே முடக்கிய மானியம். பழைய விதிப்படி வறுமைக்கோட்டின் நான்கு மடங்கைத் தாண்டினால் மானியம் இல்லை. 2021-ல் கோவிட் நிவாரணச் சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டு, ஒப்பீட்டுக்கு எடுக்கும் சில்வர் என்ற நடுத்தர வகைப் பாலிசிக்கு யாரும் வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டாம் என்றது. 2022-ல் அதை 2025 முடிவு வரை நீட்டித்தார்கள். இரண்டு முறையும் ஓட்டுப் போட்டது ஜனநாயகக் கட்சி மட்டும்தான். தனியாக வாங்குபவர்களுக்காக இந்தச் சட்டம் அமைத்த காப்பீட்டுச் சந்தையில் வாங்கியவர்கள் 2025-ல் சுமார் 2 கோடியே 40 லட்சம் ஆனார்கள்.

அது முடிந்ததால் பழைய வரம்பு திரும்பிவிட்டது. 2026-க்குத் தனியாளுக்கு அது 62,600 டாலர். 60 வயதுக்காரர் ஒருவர் 62,000 டாலர் சம்பாதித்தால் அந்த சில்வர் பாலிசிக்கு அதில் 9.96 சதவீதம், அதாவது மாதம் சுமார் 515 டாலர் கட்டினால் போதும். அவரே 63,000 சம்பாதித்தால் முழு விலை. அந்த வயதில் அது பல ஊர்களில் மாதம் 1,000 டாலரைத் தாண்டும். 2025 விதி நீடித்திருந்தால் இதே 63,000-க்கு சுமார் 446 டாலர்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: 2026 முதல், வருமானத்தைக் குறைத்துச் சொல்லி வாங்கிய அதிக மானியத்தை வரித் தாக்கலில் முழுவதும் திருப்பிக் கட்ட வேண்டும். முன்பு குறைந்த வருமானக்காரர்களுக்குத் திருப்பிக் கட்டும் தொகைக்கு உச்சவரம்பு இருந்தது, இப்போது இல்லை. ஓவர்டைம், போனஸ் வரும் என்று தெரிந்தால் வருடத்தின் நடுவிலேயே கணக்கைத் திருத்திவிடுவது நல்லது.

அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. வேலை போய், கம்பெனிக் காப்பீடு நின்றால், 60 நாளுக்குள் சந்தையில் பாலிசி எடுக்கலாம். அந்த உரிமை தொடர்கிறது. ஆனால் 2025 ஜூலை 4-ல் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டப்படி, 2027 முதல் மானியம் குடிமக்களுக்கும், கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும், வேறு சில சிறு பிரிவினருக்கும்தான். ஹெச்-1பியில் இருப்பவர் முழு விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

அதே சட்டம் மெடிகெய்ட்டிலும் கை வைத்திருக்கிறது. 2010 சட்டத்தின் விரிவாக்கத்தால் மெடிகெய்ட்டில் சேர்ந்த வயது வந்தோர் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சமூக சேவையோ செய்வதாகக் காட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகளின் பெற்றோர், உடல் நலிந்தோர் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் பலர் அதையும் காகிதத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கலாம். வேலை பார்த்துக்கொண்டே படிவம் தவறியதால் காப்பீட்டை இழப்பவர்கள்தான் எனக்குப் பெரிய கவலை. மாநிலங்கள் இதை அமல்படுத்தக் கடைசி நாள் 2027 ஜனவரி 1. நாடாளுமன்றத் தேர்தல் 2026 நவம்பரில். மெடிகெய்ட்டில் இருப்பவர்களில் பலர் இந்த நிபந்தனையை நேரில் சந்திப்பதற்கு முன்பே ஓட்டுப் போட்டு முடித்திருப்பார்கள்.