யானைமலைக்கு இழைப்புளி போட்டது யார்?

மதுரை ஒத்தக்கடையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். தினமும் காலையில் நடக்கப் போகும்போது யானைமலையைப் பார்க்கிறாராம். ஆசாரி இழைப்புளி போட்டு இழைத்த மாதிரி இவ்வளவு பெரிய பாறை எப்படி வழவழ என்று ஆனது, காற்றா மழையா என்று கேள்வி.

இரண்டும் இல்லை. காற்றும் மழையும் தேய்த்ததை விட, மலை தானாக உரித்துப் போட்டதுதான் அதிகம்.

முதலில் புராணக் கணக்கை முடித்துவிடுவோம். மதுரையை அழிக்க ஏவிவிட்ட யானையைச் சொக்கநாதர் அம்பெய்து வீழ்த்தினார், அது கல்லாகிக் கிடக்கிறது என்பது கதை. நாகமலை அப்படியே ஒரு பாம்பு, பசுமலை ஒரு மாயப்பசு. கதையாக எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் ஊரைச் சுற்றி இருக்கிற குன்றுகளின் வடிவத்தை எவரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அதையே 'விஞ்ஞானிகள் வியப்பு' என்று தலைப்புப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களிடம்தான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. கதைக்குக் கதையின் மரியாதை போதாதா?

சரி, பாறைக்கு வருவோம். தூரத்தில் நின்று பார்த்தால் யானைமலை வழவழப்பாகத் தெரியும், கிட்டப் போனால்தான் விஷயம் இருக்கிறது. ஆனால் அது செங்குத்து. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனேன். தாமரைக் குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில், அதன் பக்கத்தில் மேலே ஏறும் படிகள். ஆறரைக்கெல்லாம் ஏற ஆரம்பித்துவிடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் பாறையில் உட்கார முடியாது.

பேச்சிப்பள்ளம் தாண்டி மேலே வெற்றுப் பாறைக்கு வந்ததும் பையன் கேட்டான். "மாமா, இதென்ன தோசைக்கல்லில் ஒட்டின தோசை மாதிரி ஏடு ஏடாகக் கிளம்பி நிற்குது?" எட்டாம் வகுப்புதான் படிக்கிறான், ஆனால் அதை விடச் சரியாகச் சொல்ல முடியாது. உள்ளங்கை கனத்திலிருந்து ஒரு முழம் கனம் வரை, மலையின் வளைவுக்கு அப்படியே இணையாகப் பலகை பலகையாகப் பாறை பிளந்திருக்கிறது. சிலது விளிம்பில் விரல் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கையில் இருந்த கூழாங்கல்லால் தட்டிப் பார்க்கச் சொன்னேன். திடமான இடத்தில் 'ணங்', இரண்டடி தள்ளித் தட்டினால் 'டொம்'. அந்த டொம் சத்தத்துக்கு அடியில் ஏடு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

பாறையின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையைச் சுற்றியிருப்பவை பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட், கிரானைட் வகைகள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் ஒன்றோடு ஒன்று முட்டி கோண்டுவானா என்ற பெருங்கண்டமாக ஒட்டிய காலத்தில், இந்தப் பாறைகள் 20 கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் 800 டிகிரிக்கும் மேலான சூட்டில் வெந்துகொண்டிருந்தன. பக்கத்து வீடு மடகாஸ்கர். அப்புறம் மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப்போக, அடிப்பாறை வெளியே வந்தது.

வந்தது ஏன் உரிய வேண்டும்? பகல் வெயிலில் விரிகிறது, இரவில் சுருங்குகிறது, வெங்காயம் மாதிரி உரிகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். டேவிட் கிரிக்ஸ் என்ற அமெரிக்கர் 1936இல் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். கிரானைட் துண்டு ஒன்றை 89,400 தடவை சூடாக்கிக் குளிர வைத்தார், நாளைக்கு ஒரு தடவை என்று வைத்தால் 244 வருட வெயில். உலர்ந்த கல்லுக்கு ஒன்றுமே ஆகவில்லை. தண்ணீர் விட்டுக் குளிர வைத்தபோதுதான் சிதைவு தெரிந்தது. ஆக, வெறும் வெயில் மட்டும் நல்ல பாறையை உரித்துவிடாது.

அதற்கும் முன்னால், 1904இல், கில்பர்ட் என்ற புவியியலாளர் கலிஃபோர்னியாவில் கவிழ்த்த கிண்ணம் மாதிரியான கவிகை மலைகளைப் பார்த்துவிட்டு வேறொன்று சொல்லியிருந்தார். மேலே கிடந்த சுமை போனதால் பாறை நெகிழ்ந்து பிளந்தது என்றார். இன்றைக்கும் நிறையப் புத்தகங்களில் இதுதான் விடை. ஆனால் யோசித்துப் பாருங்கள். தலையில் இருந்த மூட்டையை இறக்கினால் அமுக்குவது நிற்கும், அவ்வளவுதானே? ஏட்டை மேல்நோக்கி இழுக்கிற விசை எங்கிருந்து வந்தது?

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஹவாய் பல்கலைக்கழகத்து ஸ்டீஃபன் மார்ட்டெல் இதை 2011இல் கணக்காகவே எழுதிக் காட்டினார், அந்தக் கணக்கைக் கோரைப்பாயை வைத்தே புரிந்துகொள்ளலாம். தரையில் பாயை விரித்து, இரண்டு ஓரத்தையும் இரண்டு பேர் உள்நோக்கித் தள்ளுங்கள். பாய் சமமாகப் படிந்திருந்தால் முதலில் முரண்டு பிடிக்கும், நகராது. நடுவில் லேசாக உப்பலாக இருந்தால்? தொட்டதும் நடுப்பகுதி மேலே எழும்பிவிடும். தள்ளுவது பக்கவாட்டில்தான், கிளம்புவது மட்டும் மேல்நோக்கி. திசையைத் திருப்பிவிடுவது அந்த உப்பல்தான். பாயின் எடை அதைக் கீழே அழுத்தப் பார்க்கும், தள்ளும் விசையும் உப்பலின் வளைவும் சேர்ந்து அந்த எடையை வென்றால் பாய் தரையை விட்டுக் கிளம்பும்.

குவிந்த மலையிலும் இதே கதைதான். இந்தியா உட்கார்ந்திருக்கிற நிலத்தட்டு வடக்கே ஆசியாவோடு முட்டிக்கொண்டு நிற்பதால், நாம் நிற்கும் பாறைக்குள்ளே பக்கவாட்டு நெருக்கம் எப்போதும் இருக்கிறது. சமவெளிக்கு அடியில் அது சும்மா கிடக்கும். குவிந்த பரப்பில் மட்டும் அது மேல் ஏட்டை வெளிநோக்கி இழுக்கும் விசையாக மாறுகிறது, பாறை பரப்புக்கு இணையாகப் பிளக்கிறது. அதாவது இமயமலை வரைக்கும் போகிற ஒரு நெருக்கலின் ஒரு நுனி, கீழக்குயில்குடியில் ஒரு முழக் கனத்துக்கு ஏட்டைக் கிளப்புகிறது. இதைப் படிகளில் மூச்சு வாங்கிக்கொண்டே பையனிடம் சொன்னேன், அவன் முறுக்கு கேட்டான்.

இன்னொன்றும் இதிலேயே அடங்கிவிட்டது. பாறை உருண்டையாக இருப்பதால் உரிகிறது, உரிவதால் மூலை முனையெல்லாம் போய் மேலும் உருண்டையாகிறது. வாசகர் கேட்ட இழைப்புளி இதுதான்.

அப்படியானால் வெயிலுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது, ஆனால் இரண்டாம் கட்டத்தில். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஒரு செங்குத்துப் பாறையில் 19 மீட்டர் உயரத்துக்கு ஏற்கெனவே கிளம்பி நின்ற ஓர் ஏட்டில் கருவி பொருத்தி, பிரையன் காலின்ஸ், கிரெக் ஸ்டாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்றரை ஆண்டு அளந்தார்கள். 2016இல் முடிவு வந்தது. அந்த ஏடு வெயில் ஏற ஏற வெளியே உப்பி, இரவில் திரும்பப் படிகிறது, ஒரே நாளில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வரை. பாறை மூச்சு விடுகிறது என்று எழுதக் கை துறுதுறுக்கிறது, எழுதாமல் விடுகிறேன். ஒவ்வொரு தடவையும் பிளவின் நுனி கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது.

ஒரு சென்டிமீட்டரா, கல் அவ்வளவு விரியுமா என்று தோன்றும். கல் விரிவது மில்லிமீட்டர் கணக்கில்தான். 20 மீட்டர் கிரானைட் 30 டிகிரி கூடினால் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும். ஆனால் 15 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஸ்கேலை இரண்டு கைக்கு நடுவில் வைத்து ஒரே ஒரு மில்லிமீட்டர் நெருக்கிப் பாருங்கள், நடு ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர் வளையும். நீளத்தில் கொஞ்சம் கூடினால் உப்பலில் நிறையக் கூடும். ஏட்டின் ஓரங்கள் பாறையோடு ஒட்டியிருப்பதால் ஸ்கேல் அளவுக்கு வளையாது, ஆனாலும் தத்துவம் அதுதான். 2014 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் ட்வெய்ன் ஹார்ட் என்ற ஊர் ஏரிக்கரையில் ஒரு பாறைக் கவிகை கடும் வெயிலில் வெடிச்சத்தத்தோடு பிளந்ததைப் படமே எடுத்திருக்கிறார்கள்.

நம் கல் தொழிலாளர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. வெடிமருந்து பரவுவதற்கு முன்பே பாறை மேல் விறகைப் பரப்பி எரித்து, சுத்தியலால் தட்டிச் சத்தம் மாறுகிறதா என்று கேட்டு, தீயை மெல்ல நகர்த்திக்கொண்டே போய்ப் பெரிய பலகையாக உரித்தெடுப்பது தென்னிந்தியாவில் பழைய தொழில். காரணம் எழுதிவைக்கவில்லை, செய்யத் தெரிந்திருந்தது.

ஒரு புலம்பல். ஒரு பிளவு எவ்வளவு திறந்து மூடுகிறது என்று அளக்கிற கருவிக்கு ராக்கெட் விடுகிற செலவு ஆகாது. ஆனால் மூன்று வருடம் ஒரு பாறை விரிசலைப் பார்த்துக்கொண்டிருக்க நிதி வேண்டும் என்று நம்மூரில் ஒரு மாணவர் விண்ணப்பம் போட்டால் என்ன பதில் வரும் என்று ஊகிக்க முடிகிறது. "இதனால் என்ன பயன்?" யானைமலையைச் சிற்ப நகரமாக்கலாம் என்று 2010இல் ஒரு யோசனை வந்தது, சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எதிர்த்துக் காப்பாற்றினார்கள். உளியோடு வருகிறவர்களுக்குக் கிடைக்கிற கவனம் அளவுகோலோடு வருகிறவருக்கும் கிடைக்கலாம்.

மலைக்கே திரும்பலாம். ஏட்டின் கீழ் விளிம்பு உடைந்து விழுந்தால், மேல் பகுதி கூரை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் புடவு. சமணர் மலையின் செட்டிப்புடவும் யானைமலையில் கற்படுக்கை இருக்கிற இடமும் இப்படித்தான். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் சமணத் துறவிகள் குடிவந்தது இந்த இயற்கைக் கூரைகளுக்குக் கீழேதான். ஆனால் கூரையில் ஒரு கோளாறு. மழைநீர் வளைந்த பாறை மேல் வழிந்து வந்து விளிம்பில் சொட்டிவிடாது. கல்லோடு ஒட்டிக்கொண்டே அடிப்பக்கம் திரும்பி உள்ளே ஊர்ந்து வந்து படுக்கையை நனைக்கும். டம்ளரிலிருந்து மெதுவாக ஊற்றினால் டீ டம்ளரின் வெளிப்புறத்தில் வழிகிறதே, அந்தச் சேட்டை.

புடவின் நெற்றியில் அண்ணாந்து பாருங்கள், நீளமாக ஒரு கோடு வெட்டியிருக்கும். காடி என்பார்கள். ஊர்ந்து வரும் நீர் அந்த வெட்டின் கூர் விளிம்பைத் தாண்டி மேலே ஏற முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். இன்றைக்கும் நல்ல கொத்தனாராக இருந்தால் சன்ஷேடுக்கு அடியில் ஒரு சின்னக் கோடு இழுத்துவிடுவார். எங்கள் வீட்டில் இழுக்காமல் விட்டதன் விளைவு, சமையலறை ஜன்னல் சுவரில் ஒவ்வொரு ஐப்பசியிலும் தெரிகிறது.

சுனைக்கும் இந்த ஏடுகள்தான் காரணம். மேலே பெய்தது ஏடுகளுக்கு இடையில் இறங்கி, அடியில் திடமான பாறை தடுக்கிற இடத்தில் பக்கவாட்டில் கசிந்து வெளிவரும். மலை நடுவில் தண்ணீர் எப்படி என்று கேட்ட பையனுக்கு, ஈரம் கசிகிற விளிம்பைக் காட்டினேன்.

யானைமலையில் உரிந்த விளிம்புகளைப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். காலை வெயில் சாய்வாக விழும்போது ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரிப் பக்கத்துச் சாலையில் நின்று பாருங்கள். உச்சி வெயிலில் தெரியாத படிகள், ஒன்றின் நிழல் ஒன்றின் மேல் விழுந்து, யானையின் முதுகில் மடிப்பு மடிப்பாகத் தெரியும். ஏறுவதானால் ரப்பர் செருப்பு வேண்டாம். மழை நாளில் கறுப்புக் கோடுகள் மேல் கால் வைக்க வேண்டாம், அது பாசி, வழுக்கும். டொம் என்று சத்தம் வருகிற ஏட்டின் விளிம்பில் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கவும் வேண்டாம்.