மைக்செட்காரர் பாவம்

கேரள எல்லையில், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்தில் பத்துப் பேர்கூட இல்லை. யாரோ வண்டியை வாசலில் நிறுத்திவிட்டார்கள் என்று மைக்கில் அறிவிப்பு. "வண்டி"க்கு அப்புறம் ஒரே முழக்கம். "சவுண்டை ஏத்துப்பா" என்றார் பெண்ணின் மாமா. ஏற்றியதும் இன்னும் மோசம்.

கோளாறு மைக்கில் இல்லை, டைல்ஸில். டைல்ஸ் தரையும் பூசிய சுவரும் ஒலியைக் குடிப்பதே இல்லை, திருப்பித்தான் அடிக்கும். சுமார் 50 மில்லி வினாடிக்குள் திரும்பி வருவதைக் காது முதல் குரலோடு சேர்த்துக்கொள்ளும், அது உதவிதான். பிந்தி வருவதுதான் தொல்லை. பேச்சில் உயிரெழுத்துக்குச் சத்தம் அதிகம், க், த், ப் எல்லாம் மெலிந்தவை. முந்தைய உயிரெழுத்து ஓயுமுன் வரும் மெய்யெழுத்து அதற்குள் மூழ்கிவிடும். சத்தத்தை ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும். (நாதஸ்வரம் மட்டும் அன்று அங்கே அமிர்தமாக இருந்தது.)

1895இல் ஹார்வர்டில் இதே தொல்லை. ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை மண்டபத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் கொண்டுவந்து போட்டு, ஆர்கன் குழாயை ஊதி, ஒலி ஓயும் நேரத்தை அளந்தார். கிடைத்த கணக்கு எளிது: கன மீட்டரில் அறையின் கொள்ளளவை 0.16ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் இறங்க, அதாவது ஏறக்குறைய ஓய்ந்துபோக, ஆகும் வினாடிகள் கிடைக்கும்.

நம் மண்டபத்தைக் குத்துமதிப்பாக 20 மீட்டர் நீளம், 12 அகலம், 5 உயரம் என்று வைப்போம்: 1200 கன மீட்டர். காலியாக இருக்கையில் உறிஞ்சும் பரப்பு 40 சதுர மீட்டர் என்றால் 4.8 வினாடி. ஆளுக்கு 0.4 வீதம் 300 பேர் உட்கார்ந்தால் 160; நேரம் 1.2 வினாடிக்கு இறங்கிவிடும். பட்டுப்புடவையும் உடம்பும்தான் மெத்தை!

மறுநாள் முகூர்த்தத்தில் அதே மைக்கில் ஒவ்வொரு சொல்லும் தெளிவு. தமிழ் அறிவிப்பு மட்டுமல்ல, மலையாளமும். முதல் நாள் எனக்கு முதலில் கைவிட்டது மலையாளம்தான். தாய்மொழியில் விட்டுப்போன மெய்யை மூளை ஊகித்து நிரப்பும், பழகாத மொழியில் அவ்வளவு வராது.

பந்தி அறையில் மட்டும் பழைய கதை. பரிமாறுகிறவர் காதருகே குனிந்து "ரசமா, மோரா?" என்றார். ஒரு மீட்டருக்குள் வந்துவிட்டால் சுவர் என்ன செய்யும்?